நாலரைப் புள்ளிக் கல்துறை

கருப்பையா, சொக்கலிங்கம், மீனாட்சி, மூன்று பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கருப்பையாவுக்கு நான் வேலை பார்த்த அதே லாஞ்சில் சேரச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. சொக்கலிங்கத்துக்குத் துறைமுக ஆபீசில் எழுத்தர் வேலை தை மாதத்துக்குள் ஆகிவிடும் என்கிறார்கள். மீனாட்சிக்கு உத்தரவு எதுவும் வரப்போவதில்லை. ஆனாலும் அவளும் படிக்க வேண்டும், ஏனென்றால் இதில் பெரிய காரியம் செய்தது ஒரு பெண்பிள்ளை.

நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரத்தோடு நின்றவன். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலையை எப்போது இறக்குவது, வெப்பமானியை எப்படிப் பிடிப்பது, புத்தகத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது, இதையெல்லாம் உங்களுக்கு அங்கே ஒரே வாரத்தில் சொல்லித் தந்துவிடுவார்கள். அவர்கள் சொல்லித் தராத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது நான் செய்த ஒரு தப்பு.

நம் பக்கத்தில் தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர். உங்கள் தாத்தா சாக்கோட்டைக்குப் பக்கத்தில் மடை பார்த்தவர். கண்மாயில் எத்தனை படி வெளியே தெரிகிறதென்று பார்த்து, இன்னும் இத்தனை நாளைக்குப் பயிருக்கு வருமென்று சொல்லிவிடுவார். அந்த வீட்டிலிருந்து போனவன் நான். கடலும் பெரிய கண்மாய்தானே என்றுதான் நினைத்திருந்தேன். அந்த லாஞ்சு ஒரு சர்க்கார் இலாகாவினுடையது. அதற்கு மீன் பிடிக்கும் வேலை இல்லை, சரக்கு ஏற்றும் வேலையும் இல்லை. தினமும் கடலில் குறிப்பிட்ட இடங்களுக்குப் போய், தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, எந்தப் பக்கம் ஓடுகிறது, அதில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வருவதுதான் வேலை. ஊரில் சொன்னபோது, "கடலைப் பாக்குறதுக்குச் சம்பளமாப்பா?" என்று சிரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்புத்தான்.

லாஞ்சில் எங்களுக்கு மேலே இருந்த ஆபீசர் என்னைவிட ஆறேழு வயது சின்னவர். பட்டணத்தில் பெரிய படிப்புப் படித்தவர். அவர் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. முதல் நாள் அவர் மெல்லிய பட்டு வலை ஒன்றைக் கடலில் இழுத்துவரச் செய்து, அதன் அடியில் தேங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றினார். கொஞ்சம் மங்கலாக இருந்ததே தவிர, வெறும் தண்ணீர்தான். அதில் ஒரு சொட்டை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, "எண்ணுங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். பிள்ளைகளே, அதை எப்படிச் சொல்வதென்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொட்டுக்குள் ஓர் ஊரே இருந்தது. கொம்பு நீட்டிக்கொண்டு துள்ளித் துள்ளி நீந்துவது, ஊசி மாதிரி நீண்டு எதிர்ப்பக்கம் தெரியும்படி கிடப்பது, சினைகள், இன்னும் கண் திறக்காத இறால் குஞ்சு. ஒன்றின் வயிற்றுக்குள் ஏதோ துடிப்பதுகூடத் தெரிந்தது. நான் எண்ணவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது. லாஞ்சை ஓட்டும் சாரங்கு கடற்கரை முஸ்லிம்களில் ஒருவர், வாய் சும்மா இருக்காது. அவர் பின்னாலிருந்து, "கம்மாக்காரரே, கும்புட்டது போதும். இது மடையத் தொறந்தா வத்துற தண்ணி இல்ல, எண்ணத் தொடங்குனாத்தான் சாயந்தரத்துக்குள்ள முடியும்" என்றார். அன்றிலிருந்து நான் வேலையை விடும்வரை அவருக்கு நான் கம்மாக்காரர்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்டிக்கு வடக்கே, கடல் தண்ணீர் உள்ளே புகுந்து நிற்கும் ஒரு கழியில்தான் எங்கள் லாஞ்சு நிற்கும். அங்கே சர்க்காருக்கென்று இருந்த மரத்துறையை அந்த வருஷம் மணல் மூடிவிட்டது. மணலை வாரி வாரிப் பார்த்தார்கள். லாஞ்சின் அடி தரையைத் தட்டிற்று. வாடைக் காற்று தொடங்கினால் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க முடியாது. பட்டணத்திலிருந்து கடிதம் வந்தது. வாடைக்கு முன்னால் நல்ல கட்டுமிடம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் லாஞ்சைப் பட்டணத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும், அந்தக் கடலில் வேலை அதோடு நிறுத்தம் என்று இரண்டே வரி. ஆபீசர் அதைப் படித்துவிட்டு அலமாரியைத் திறந்து, எழுதி முடித்த புத்தகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் விடாமல் எழுதியவை அவை. நடுவில் நின்றுபோனால் அதுவரை எழுதியதும் பாதி வீண் என்று அவர் சொல்வார்.

கழிக்குள் இன்னொரு துறை இருந்தது. காரைக்குடி நகரத்தார் குடும்பம் ஒன்று கருங்கல்லில் கட்டியது. அவர்கள் வீடு கட்டும் காலத்தில் பர்மாவிலிருந்து வந்த தேக்கு மரங்களை அங்கேதான் இறக்கி, வண்டியில் ஏற்றினார்களாம். வடக்கே ஆளுயரத்துக்குக் கல் சுவர். என்ன காற்று அடித்தாலும் உள்ளே தண்ணீர் அசையாது. வீடு கட்டி முடித்த பிறகு அங்கே ஒரு காவல்காரரைத் தவிர யாரும் இல்லை. அதைக் கேட்டு வாங்கும் வேலை என்னிடம் வந்தது. "நீங்க அந்த ஊர்ப் பக்கம்தானே, உங்களுக்குத் தெரியாதது இல்ல" என்றார் ஆபீசர்.

தெரியாதது இல்லைதான். அதுதான் என் தப்புக்கே காரணம்.

நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான ஓர் ஆண், அவர் குடும்பத்தோடு, ஒரு புள்ளி. கோயில் காரியமானாலும் ஊர்க் காரியமானாலும் அந்தப் புள்ளிக் கணக்கில்தான் எண்ணுவார்கள். அவர் போய்விட்டால் அவர் மனைவி அரைப் புள்ளி. அந்தக் கல்துறை அண்ணன் தம்பிகளுக்குப் பொது. நாலு புள்ளி, அதோடு காலமாகிவிட்ட ஒரு தம்பியின் மனைவி அரைப் புள்ளி. ஆக நாலரை. மூத்தவர் காரைக்குடியில் இருந்தார். மற்ற மூன்று பேரும் ரங்கூனிலும் மலாயாவிலும் இருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட மூத்தவருக்கு அதிகாரம் இருந்தது. அவர் நல்ல மனிதர். சர்க்கார் காரியம் என்றதும் உடனே பேனாவை எடுத்துவிட்டார். சம்மதப் பத்திரத்தில் நாலு பெயர் எழுதி, நாலு கையெழுத்து.

அரைப் புள்ளி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டு நெல் வண்டியோடு சின்ன வயதில் போனவன் நான். ஆனால் அரைப் புள்ளியிடம் போய் யாரும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆகவே நானும் கேட்கவில்லை. ஒரு வெளியூர்க்காரன் போயிருந்தால், இந்தச் சொத்தில் யார் யாருக்குப் பாத்தியம் உண்டு என்று விசாரித்திருப்பான், ஐந்து பேர் என்று தெரிந்திருக்கும், ஐந்து பேரிடமும் போயிருப்பான். உள்ளூர்க்காரனுக்குத்தான் இந்தத் தப்பு வரும்.

லாஞ்சைக் கல்துறையில் கட்டி மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் விடிந்ததும் காரைக்குடியிலிருந்து ஓர் ஆள் ஒரு கடிதம் கொண்டுவந்தான். "கல்துறையில் எனக்கும் பாத்தியம் உண்டு. என்னைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் கட்டவும். விசாலாட்சி." அவ்வளவுதான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

ஆபீசர் கேட்டார்: "இவங்க யாரு?"

"அரைப் புள்ளி சார்."

"அரைன்னா?"

சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "சரி. இவங்களுக்குப் பாத்தியம் உண்டா, இல்லையா?"

"உண்டு சார். ஆனா கேக்குற வழக்கமில்ல."

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. சாரங்கைக் கூப்பிட்டு, "அவுத்துடுங்க. கழிக்குள்ள ஆழமான எடம் வேற இல்ல, வெளியே போய் நிப்போம்" என்றார்.

"சார், இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும். நான் போய்க் கேட்டுட்டு வந்துடறேன்" என்றேன்.

"தெரியாம மூணு நாள் நின்னோம். அது வேற. இனிமே நின்னா தெரிஞ்சு நிக்கிறது. நாளைக்கு ஒரு மீன்காரர் தோணி கட்டுற எடத்துல நாம போய் நின்னா, அவர் யார்கிட்டப் போய்க் கேப்பாரு? நாமதானே சர்க்கார்."

சாரங்கு வடக்கே கையைக் காட்டினார். "வானத்தப் பாருங்க சார். கருக்கல் கட்டுது. பொழுது சாய முகத்துவாரத்துல அலை மடங்க ஆரம்பிச்சுரும். அப்புறம் உள்ள வரணும்னாலும் வர முடியாது."

"சாயந்தரம் வரைக்கும் நேரம் இருக்கா?"

"இருக்கும், இன்ஷா அல்லா."

"அப்ப இவர் போய்க் கேட்டுட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாக அவரே லாஞ்சில் இறங்கினார். அவர் கரையில் இருந்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரும் சாரங்கும், கயிறு இழுக்கும் இரண்டு கலாசிகளும், ஆக நாலு பேர். போவதற்கு முன்னால் அன்று காலையில் எடுத்த தண்ணீர்ச் சாடியையும் பூதக்கண்ணாடிப் பெட்டியையும் என் கையில் கொடுத்தார். "நாம என்ன வேலை செய்யறோம்னு அந்தம்மா கேட்டா, பேசாதீங்க. காட்டுங்க" என்றார்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சாரங்கு சொன்னார்: "கம்மாக்காரரே, சம்மதம்னா தந்தி அடி. காவக்காரன் தந்தி ஆபீசுல நின்னு வாங்கியாந்து கம்பத்துல வெள்ளைத் துணி ஏத்துவான், நாங்க உள்ள வந்துருவோம். போற வழியில கம்மாயக் கண்டா நின்னுராத."

ஒரு மண்பானையில் ஈரத் துணியைச் சுற்றி, அதற்குள் சாடியை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் பஸ்ஸில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் பனைமரங்கள் தெற்கே சாய்ந்துகொண்டிருந்தன. பஸ் ஒரு தரம் நின்று, டிரைவர் இறங்கி, கொதிக்கிற எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளப்ப அரைமணி ஆயிற்று. காரைக்குடியில் இறங்கியபோது உச்சிப் பொழுது தாண்டிவிட்டது.

மூத்தவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என்மேல் இல்லை. "அவுகளுக்கு என்ன தெரியும்? ஏம்ப்பா, நான் கையெழுத்துப் போட்டா அது போதாதா? காத்துல ஆளை நிறுத்திட்டு இங்க வந்து நிக்கிறியே. அடுத்த தெருவுலதான் தந்தி ஆபீசு. போயி, சம்மதம்னு ஒரு தந்தி குடு. நான் பொறுப்பு. அவுககிட்ட அப்புறம் நான் சொல்லிக்கிறேன்."

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு மூத்தவர். நாலு பேர் உயிர் வெளியே நிற்கிறது. ஒரு சொல் அடித்தால் போதும், அங்கே துணி ஏறிவிடும். ஆபீசருக்கு அந்தச் சொல் யாருடையது என்று தெரியவே போவதில்லை. தெருப்பக்கம் திரும்பி ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன். பிறகு, தெரிந்தே நிற்க மாட்டேன் என்றுதானே அந்த மனிதர் கடலுக்குப் போயிருக்கிறார், அவரைப் பொய்யான ஒரு துணியைக் காட்டி உள்ளே கூப்பிடுவதா என்று தோன்றிற்று. அப்படியும் கால் திரும்பவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைசியில், "ஐயா, மன்னிக்கணும், ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று சொல்லி உள்ளே போனேன். மூத்தவர், "போ, போ. உனக்கும் எனக்கும் இன்னைக்கு நேரம் சரியில்ல" என்றார்.

உள்ளே பெரிய வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண்கள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வோர் அறை. கடைசி அறை வாசலில் வெள்ளைப் புடவையோடு விசாலாட்சி ஆச்சி நின்றிருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். முகப்பில் பேசியது முழுக்கக் காதில் விழுந்திருக்க வேண்டும்; முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வாங்க. கல்துறையிலருந்து வாரீகளா?"

"ஆமா ஆச்சி." நான் பானையை இறக்கி, துணியைப் பிரிக்கத் தொடங்கினேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். எங்கள் இலாகா இன்னது, இந்தக் கடலில் இத்தனை வருஷமாக இன்ன வேலை நடக்கிறது, அது நின்றுபோனால் என்ன நஷ்டம்.

ஆச்சி கையை உயர்த்தி நிறுத்தினார். "படகு இப்ப எங்குட்டு நிக்கிது?"

"முகத்துவாரத்துக்கு வெளிய."

"ஆளு இருக்காகளா?"

"நாலு பேரு ஆச்சி."

"காத்து?"

"வாடை தொடங்கிருச்சு. பொழுது சாஞ்சா உள்ள வர முடியாதுங்கிறாரு சாரங்கு."

"இத மொதல்ல சொல்றதுக்கு என்ன? நாலு பேரக் காத்துல விட்டுப்புட்டு, எனக்குத் தண்ணியத் தொறந்து காட்டிக்கிட்டு இருக்கீக." அவர் குரலை உயர்த்தவில்லை. ஓரமாக நின்ற, வீட்டுக் கணக்குவழக்குப் பார்க்கும் காரியக்காரரைப் பார்த்து, "ஓடும். விசாலாட்சி சம்மதம், படகு உள்ள வரட்டும்னு தந்தி குடும். பதில் வார வரைக்கும் அங்கனயே நில்லும்" என்றார்.

அவ்வளவுதான். நான் கொண்டுபோன பேச்சு எதற்கும் வேலை இல்லை. நான் கேட்டு முடிக்கவே இல்லை, அதற்குள் கொடுத்துவிட்டார். அந்த மூன்று நாளைக்கு முன்னால் வந்து கேட்டிருந்தாலும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

"அவுக்கச் சொல்லி நான் எழுதலையே. கேட்டுட்டுக் கட்டுங்கன்னுதானே எழுதுனேன்" என்றார் ஆச்சி.

"எங்க ஆபீசர் சார் கேக்காம நிக்க மாட்டேன்னுட்டாரு. அவரும் படகுலதான் இருக்காரு."

"அவரும் போயிட்டாரா?" ஆச்சி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். "கோயிலுக்கு எண்ணுறப்ப நான் அரைப் புள்ளி. சாமி காரியத்துக்கு அரை உண்டு. சொத்துல ஒண்ணுன்னா முழுசும் மறந்து போயிருது எல்லாருக்கும். அதுக்குத்தான் எழுதுனேன். காத்து அடிக்கும்னு எனக்கு என்ன தெரியும்? நான் கடலப் பாத்தது இல்ல."

அந்த வீட்டு மரமெல்லாம் கடலில் வந்தது. அவர் வீட்டுக்காரரும் மைத்துனர்களும் கடலில் போய்க் கடலில் வந்தவர்கள். அவர் மட்டும் பார்த்ததில்லை.

பதில் வரவில்லை. யாரோ எனக்கு இலை போட்டார்கள். இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்து முற்றத்துக்கு வந்தேன். முற்றத்தின் வானத்தில் மேகம் தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதை ஆச்சி பார்த்தார். "பாத்தா மட்டும் நின்னுருமா? அந்தத் தண்ணியில என்ன இருக்கு? காட்டத்தானே கொண்டாந்தீக?" என்றார்.

ஒரு சொட்டை எடுத்து வைத்து, கண்ணாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஆச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "ஆத்தாடி" என்று மூச்சோடு சொன்னதுதான் கேட்டது. பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டார். இது என்ன, அது எதைத் தின்னும், இந்தச் சினை எந்த மீனோடது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.

"இம்புட்டையும் எண்ணுவீகளா?"

"எண்ணுவோம் ஆச்சி. தெனமும்."

"இங்க ஒண்ணு ஒடைஞ்சு பாதியாக் கெடக்கே. அத என்ன செய்வீக?"

பஸ் குலுக்கலில் உடைந்திருக்கும். "தலை இருந்தா ஒண்ணுன்னு எழுதுவோம்" என்றேன்.

"வெறும் வாலாக் கெடந்தா?"

"எழுத மாட்டோம். அதோட தலை எங்கயாச்சும் கெடக்கும். அங்க அது ஒண்ணாயிரும்."

"அரைன்னு எழுதுறது இல்லையா?"

"அரைக்குப் புத்தகத்துல கட்டமே இல்ல ஆச்சி."

இதை நான் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் வேலையில் விதி அது. தலையைத்தான் எண்ண வேண்டும். ஆச்சி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே இருந்தார். பிறகு, மைத்துனர் முன்னால் நேராகப் பேசும் வழக்கம் இல்லாததால், தூணைப் பார்த்துச் சொன்னார்: "முகப்புல இருக்கவுகளும் கேட்டுக்கிறட்டும். சர்க்காருல அரைக்குக் கட்டமே இல்லையாம்."

முகப்பிலிருந்து இருமல் சத்தம் மட்டும் வந்தது.

எவ்வளவு நேரம் போயிற்றோ, காரியக்காரர் ஓடிவந்தார். கையில் தந்தி. ஆச்சி வாங்கி என்னிடமே கொடுத்தார். "உள்ளே வந்தோம். எல்லோரும் நலம்." எனக்கு எழுத்து கலங்கிவிட்டது, இரண்டாவது தரம் ஆச்சியே வாங்கிப் படித்துச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அவர் பத்திரத்தைக் கேட்டார். நான் எடுத்து நீட்டினேன். நாலு பெயர் நெருக்கி எழுதியிருந்தது. அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. "இதுக்குக் கீழ போட்டா போதும் ஆச்சி" என்றேன்.

"கீழ வேணாம். புதுசா எழுதுங்க. பாத்தியஸ்தர் அஞ்சு பேருன்னு எழுதுங்க. எனக்கும் தலை இருக்குல்ல?"

எழுதினேன். ஆச்சி முதலில் கையெழுத்துப் போட்டார். அதைக் கொண்டுபோய் முகப்பில் நீட்டினேன். மூத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். கிழித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் நாலு கையெழுத்தையும் போட்டு, மை காய ஊதி, "நாலரை அஞ்சாச்சு. போப்பா, போயிப் படகக் கட்டு" என்றார். அவர் பார்வை உள்பக்கம் போய்த் திரும்பியது. பார்வையில் கோபம் இல்லை.

மறுநாள் நான் துறைக்குத் திரும்பியபோது வெளியே கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. முகத்துவாரமே தெரியவில்லை. கல்சுவருக்கு உள்ளே லாஞ்சு அசையாமல் நின்றது. ஆபீசர் பத்திரத்தை வாங்கி, ஐந்து பெயரையும் விரல் வைத்துப் படித்தார். "இப்ப சரி" என்று மடித்து வைத்தார். பிறகு அன்றைய அளவை எடுக்கக் கழிக்குள்ளேயே ஓர் இடம் பார்க்கப் போய்விட்டார்.

சாரங்கின் இரண்டு உள்ளங்கையும் கயிறு அறுத்துப் புண்ணாகியிருந்தது. எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "எப்ப உள்ள வந்தீக?" என்று கேட்டேன்.

"துணி ஏறுன உடனே வந்தோம். நாங்க உள்ள வந்து கயிறு போடுறோம், பின்னால வாய் மூடிருச்சு. இன்னும் ஒரு வெத்தலை போடுற நேரம் ஆகியிருந்தா, கம்மாக்காரரே, நீ எங்களத் தேடி எலங்கைக்குத்தான் போயிருக்கணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த வீட்டு முகப்பில் ஒரு காலைத் தெருவில் வைத்துக்கொண்டு நான் நின்றேனே, அது எத்தனை வெற்றிலை போடும் நேரம்? பஸ் இன்னொரு தரம் நின்றிருந்தால்? ஆச்சி மாட்டேன் என்றிருந்தால்? நான் செய்தது சரி என்று உங்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அந்த மாதிரி ஓர் இடத்தில் போய் நிற்கும்படி ஆனது காற்றினால் இல்லை. ஒரு வாசலைத் தாண்டிப் போகும்போது, இங்கே கேட்க வேண்டியதில்லை என்று நான் நினைத்தேனே, அங்கே தொடங்கியது அது. கருப்பையா, புத்தகத்தில் எண்ணும்போது உனக்குத் தலைதான் கணக்கு என்று சொல்லித் தருவார்கள். கரைக்கு வந்த பிறகும் அதுதான் கணக்கு என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

துறை கிடைத்ததால் அந்தக் கடலில் வேலை நிலைத்தது. அன்று சாயங்காலமே ஆபீசர், "இனி நீங்க குடும்பத்தை இங்கே கொண்டுவந்துடலாம்" என்றார். கடற்கரையை ஒட்டி ஓட்டு வீடு ஒன்று காலியாக இருந்தது. மற்றவர்கள் சமைக்கப் போன பிறகு நான் தனியாகக் கல்சுவர் மேல் உட்கார்ந்து, தபால் கார்டு ஒன்றை எடுத்து உங்கள் அம்மாவுக்கு எழுதினேன். சட்டிபானையை எல்லாம் கட்டி வை, வெள்ளிக்கிழமை வண்டி வரும் என்று பாதி எழுதிவிட்டேன். அதை அடித்துவிட்டேன். காற்றில் கார்டு படபடத்தது, முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த இடத்தில் வேறு மாதிரி எழுதினேன். இங்கே ஒரு வீடு இருக்கிறது. கடல் சத்தம் ராத்திரியும் கேட்கும். தண்ணீருக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். உனக்கு வர இஷ்டமா, இல்லையா?

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் எத்தனையோ கார்டு எழுதியிருக்கிறேன். கேள்வி எழுதியது அதுதான் முதல் தடவை.